சுக்கோத் பண்டிகைக்கு மடக்குப் பந்தல்: எங்கள் குடும்பத்தின் மதிப்பீடு

யூதர்களின் பாவநிவாரண நாளான யோம் கிப்பூரின் நோன்பு முடிந்த இரவே இஸ்ரேலின் குடியிருப்புகளில் குழாய்களும் பலகைகளும் மோதும் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதம் 10ஆம் நாள் நோன்பு, 15ஆம் நாள் சுக்கோத் பண்டிகை. நடுவில் கிடைக்கும் சில நாட்களுக்குள் ஒவ்வொரு குடும்பமும் திறந்த வானத்தின் கீழ் 'சுக்கா' எனப்படும் பந்தலை எழுப்பி, ஏழு நாட்களுக்கு உணவையும் விருந்தையும், முடிந்தவர்கள் உறக்கத்தையும்கூட, அதற்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இது லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில் வரும் கூடாரப் பண்டிகை. யாத்திராகமம் இதையே சேர்ப்புக்காலப் பண்டிகை என்கிறது. எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் வனாந்தரத்தில் குடில்களில் தங்கிய நினைவும், களத்திலும் தோட்டத்திலும் விளைந்ததை வீடு சேர்த்த மகிழ்ச்சியும் இந்தப் பந்தலுக்குள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

என் மனைவியின் குடும்பம் 1950களில் கொச்சியிலிருந்து இஸ்ரேலுக்குக் குடியேறிய யூதக் குடும்பம். எருசலேமுக்கு மேற்கே, மலைச்சரிவில் உள்ள ஒரு மோஷாவில், அதாவது கூட்டுறவு வேளாண் குடியிருப்பில், மாமனார் வீட்டு முற்றத்தில்தான் எல்லோரும் பண்டிகைக்குக் கூடுவோம். அங்கே நெடுங்காலம் இருந்தது மரப்பலகைச் சுவர் வைத்த பந்தல். உறுதியில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் ஒவ்வொரு பலகையையும் இருவர் தூக்க வேண்டும், வயதானவர்கள் நிறைந்த வீட்டில் அது ஆண்டுக்கு ஆண்டு பெரிய சுமையாகிக்கொண்டே வந்தது. ஆகவே 2025இல், அக்டோபர் 6 மாலை தொடங்கிய பண்டிகைக்காக, இரும்புக் குழாய்ச் சட்டமும் துணிச் சுவரும் கொண்ட மடக்குப் பந்தல் ஒன்றை வாங்கினோம். மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் அளவு. சட்டம், படுதா, கூரைக்கான மூங்கில் பாய் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ஷெக்கலுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. ஏறத்தாழ இதே அமைப்பில் பலர் தயாரித்து விற்பதால், நான் இங்கே சொல்வது பெரும்பாலும் இந்த வகைக்கே பொருந்தும். எனவே தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அது நன்றாக இருக்கிறது. வெள்ளைப் பூச்சுப் பூசிய குழாய்களின் முனையில் விசைப்பொத்தான் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் பொத்தான் துளைக்குள் வந்து பூட்டிக்கொள்கிறது, திருகாணியோ சாவியோ தேவைப்படவில்லை. மூலைக் குழாய்களுக்கு வண்ண ஒட்டுத்தாள் போட்டுப் பிரித்திருப்பதால் எட்டு வயதுப் பிள்ளைகூட எது எங்கே போகும் என்று எடுத்துக் கொடுக்க முடிந்தது. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலையை நடத்தினார். அவர் பேரப்பிள்ளைகள்தாம் பந்தற்கால்களை நிறுத்தினார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: சட்டம் இலேசானது, படுதா கட்டியதும் காற்றைப் பிடித்துக்கொள்ளும். மண் தரையாக இருந்தால் கால்களை முளைக்கம்பியோடு பிணைத்துக் கட்டுங்கள். சிமெண்டுத் தளமாக இருந்தால் மணல் மூட்டை வைத்தே ஆக வேண்டும்.

வாங்குபவர் மிகவும் கவனித்துப் பார்க்க வேண்டியது சுவரைத்தான். பார்வைக்குப் படுதா அழகாக இருக்கிறது. தடித்த வெளிர்மஞ்சள் துணி, அதில் எருசலேமின் மதிற்சுவர் ஓவியம், ஒரு பக்கம் முழுக்க 'உஷ்பிசின்' எனப்படும் ஏழு விருந்தினரின் பெயர்கள்: ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது. ஒவ்வொரு இரவும் அவர்களுள் ஒருவரைப் பந்தலுக்குள் வரவேற்பது மரபு என்பதால், சுவரிலேயே பெயர்கள் இருப்பது பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. ஆனால் யூத நெறிப்படி பந்தலின் சுவர், அந்த ஊரில் வழக்கமாக வீசும் காற்றுக்கு அசையாமல் நிற்க வேண்டும். எருசலேம் மலைகளில் பிற்பகல் கழிந்ததும் மேற்கிலிருந்து கடற்காற்று ஏறி வரும். முதல் மாலையே எங்கள் படுதா உள்ளே உப்பி, சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களின் முதுகில் அழுந்தி, மறுபடி வெளியே இழுத்துக்கொண்டு போனது. கீழ்விளிம்பைக் குழாயோடு இழுத்துக் கட்டும் நெகிழ்நாடாக்களைத் தயாரிப்பாளர் தேவைக்குப் பாதி எண்ணிக்கையில்தான் கொடுத்திருந்தார் என்பது என் முதல் குறை.

இது புதிதாக முளைத்த சிக்கல் இல்லை. சஃபெத் நகரில் வாழ்ந்த யோசேப் காரோ எழுதி, 1565இல் வெனிஸில் அச்சான 'ஷுல்ஹான் ஆரூக்' என்ற நெறிநூலிலேயே இதற்கு இடமிருக்கிறது. நன்றாகக் கட்டியிருந்தாலும் துணி எந்நேரமும் அவிழலாம் என்பதால் வெறும் துணியால் எல்லாச் சுவர்களையும் அமைப்பது சரியில்லை என்றும், துணியே வேண்டும் என்பவர் மூன்று கைப்பிடிக்குக் குறைவான இடைவெளியில் கோல்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது என்றும் அது வழிகாட்டுகிறது. அந்த அளவுக்குள் இருக்கும் இடைவெளியை அடைபட்டதாகவே கொள்ளலாம் என்பது 'லவூத்' என்ற விதி. ஒரு கைப்பிடியை எட்டு சென்டிமீட்டர் என்று கொண்டால் மூன்று கைப்பிடி 24 சென்டிமீட்டர். சுவருக்கு வேண்டிய குறைந்தபட்ச உயரமான பத்துக் கைப்பிடி 80 சென்டிமீட்டர். இன்றைய தயாரிப்பாளர்கள் கோலுக்குப் பதிலாகப் பட்டை நாடாக்களைத் தருகிறார்கள். பந்தலைச் சுற்றி, தரையிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு நாடாக்களை 24 சென்டிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் இறுக்கிக் கட்டிவிட்டால், படுதா எப்படி ஆடினாலும் நாடாக்களே சுவராக நிற்கும் என்பது கணக்கு.

எங்கள் பெட்டியில் நாடாக்கள் இருந்தன. இறுக்குவதற்கான கொக்கிகளும் தரமாகவே இருந்தன. நான்கு பக்கமும் இழுத்துப் பூட்டியபின் ஒரு நாடாவை விரலால் சுண்டினால் தந்தி போல் அதிர்ந்தது. இப்படி இறுக்கியதும் படுதாவின் உப்பலும் பெருமளவு அடங்கியது. நெறிக்காகக் கட்டியது வசதிக்கும் உதவியது. குறை என்னவென்றால், குழாயில் எந்த உயரத்தில் நாடாவைக் கட்ட வேண்டும் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை, செயல்முறைத் தாளிலும் ஒரே ஒரு சிறு படம்தான் இருக்கிறது. அளவுநாடா பிடித்து நாங்களே குறித்துக்கொண்டோம். இதைச் சார்ந்துதான் சுவரே தகுதி பெறுகிறது என்னும்போது, குழாயில் நான்கு கோடுகள் இழுத்துத் தருவது தயாரிப்பாளருக்குப் பெரிய செலவாகாது. கூடவே, கடைக்காரர் நாடாவைத் தனிப் பொருளாக விலை சொன்னால் சட்டத்தோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். இது அலங்காரச் செலவு இல்லை.

கூரைதான் பந்தலின் உயிர். சுக்கா என்ற பெயர் வந்ததே அதன்மேல் வேயும் 'ஸ்காக்' என்பதிலிருந்துதான். அது மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும், வேரிலிருந்து வெட்டி எடுத்ததாக இருக்க வேண்டும், வெயிலைவிட நிழல் மிகுதியாகத் தர வேண்டும். ஆனால் இடுக்குகள் வழியே விண்மீன்கள் தெரிவது நல்லது. மரத்தடியிலோ மேல்மாடியின் நீட்சிக்குக் கீழேயோ போட்ட பந்தல் செல்லாது. கொச்சியில் முடைந்த தென்னங்கீற்றால் வேய்வார்கள் என்று மாமியார் தம் பெற்றோரிடம் கேட்டதைச் சொல்வார். இங்கே பேரீச்சை மட்டைகளும் மூங்கில் பாய்களும்தான் மிகுதி. நாங்கள் எடுத்த பாய் மெல்லிய மூங்கில் குச்சிகளைத் தாவர நாரால் பின்னியது. நைலான் நூலால் பின்னிய பாய்கள் மலிவாகக் கிடைத்தாலும் பலர் அவற்றை ஏற்பதில்லை; பாயின் ஓரத்தில் ரப்பிகள் எனப்படும் யூத சமய அறிஞர்களின் சான்றுச் சீட்டு தைத்திருக்கிறதா என்று கடையிலேயே விரித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

பாயை நேரே இரும்புக் குழாய்மேல் போடாமல், நடுவில் மர வரிச்சுகளைப் பரப்பி அவற்றின்மேல் விரிக்க வேண்டும் என்பதைப் பல குடும்பங்கள் பேணுகின்றன. கூரையைத் தாங்குவது, கூரையாகவே வேயத் தகுந்த பொருளாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பெட்டியில் வரிச்சுகள் கொடுத்திருந்தார்கள், ஆனால் நான்கு மீட்டர் நீளத்துக்கு அவை போதவில்லை. இரண்டு வரிச்சுகளுக்கு இடையே பாய் தொய்ந்து, உயரமானவர் எழுந்து நின்றால் தலையில் உரசும் நிலை இருந்தது. மாமனார் பழைய பந்தலின் மரச்சட்டங்களில் சிலவற்றை எடுத்துக் கொடுத்த பிறகே கூரை மட்டமாக நின்றது. இதைத் தயாரிப்பின் மிகப் பெரிய குறையாகவே கருதுகிறேன். பழைய மரச்சட்டங்கள் இல்லாத வீட்டார் பண்டிகைக்கு முந்தைய பிற்பகலில் மரக்கடையைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, புதிய மூங்கில் பாய் தூசு உதிர்க்கும். மஞ்சள் நிறத்தில் மாவு போன்ற தூள், மேசை விரிப்பிலும் தட்டிலும் தண்ணீர்க் குவளையிலும் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். பாயைக் கூரைக்கு ஏற்றுமுன் வேலியில் தொங்கவிட்டுத் துடைப்பத்தால் இரண்டு பக்கமும் நன்றாக அடித்துத் தட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. மாமியார்தாம் சொன்னார், அதுவும் பாயைப் பிரித்த உடனேயே.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பாயை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நண்பகலில் அதன் வழியே இறங்கும் வெளிச்சம் வெள்ளை விரிப்பின்மேல் மெல்லிய கோடுகளாக விழுந்து, சூரியன் நகர நகர மிளகாய்த் தட்டிலிருந்து ரொட்டிக்கும், ரொட்டியிலிருந்து குழந்தையின் கைக்கும் நகர்ந்தது. இரவில் விளக்கைக் குறைத்தால் விண்மீன்கள் தெரிந்தன. பேரீச்சை மட்டையில் நிழல் கனமாக இருக்கும், பச்சை வாசனையும் உண்டு, ஆனால் சில நாட்களில் காய்ந்து சுருங்கி இடைவெளி விட்டுவிடும். மூங்கில் பாய் ஏழு நாளும் ஒரே சீராக இருந்தது, அடுத்த ஆண்டுக்கும் அப்படியே உதவும்.

குடும்ப விருந்துக்கு இந்த அளவு போதுமா என்று கேட்பவர்களுக்கு: நீள மேசை ஒன்றைப் போட்டுப் பன்னிரண்டு பேர் நெருக்கமாக உட்காரலாம், பரிமாறுபவர் ஒரு பக்கமாக மட்டுமே நடக்க முடியும். முதல் இரவு மாமியார் அரிசியும் இறைச்சியும் அடைத்த குடமிளகாய், கத்திரிக்காய், வெங்காயம் ஆகியவற்றைப் பெரிய தட்டில் கொண்டுவந்தார். விளைச்சல் நிறைந்ததைக் காட்ட அடைத்த காய்கறிகளைச் சமைப்பது இப்பண்டிகையில் பல வீடுகளின் வழக்கம். அந்தத் தட்டோடு உள்ளே நுழையும்போதுதான் வாசலின் குறை தெரிந்தது. வாசலாக இருப்பது இரண்டு படுதா முனைகள் சந்திக்கும் பிளவு. அதை ஒதுக்கிக் கட்ட ஒரு கயிறுகூடத் தைக்கவில்லை. இரு கையிலும் பாத்திரம் ஏந்தி வருபவருக்கு ஒவ்வொரு முறையும் யாராவது எழுந்து திரையைப் பிடிக்க வேண்டியிருந்தது. பண்டிகை முழுவதும் அடுக்களைக்கும் பந்தலுக்கும் நடந்துகொண்டே இருப்பதுதான் வேலை என்று தெரிந்தவர் வடிவமைத்திருந்தால், வாசலை இப்படி விட்டிருக்க மாட்டார்.

விளக்குக்கு மின்கம்பி நுழைக்கத் துளை ஏதும் இல்லை, படுதாவின் அடிவழியாகத்தான் கொண்டுவர வேண்டும். முதல் நாளிலும், வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளிலும் விளக்கைப் போடவோ அணைக்கவோ கூடாது என்பதால் நேரக்கட்டுப்பாட்டுக் கருவியை முன்கூட்டியே அமைத்து, அதைப் பந்தலுக்கு வெளியே மழை படாத இடத்தில் வைத்துவிடுங்கள். அலங்காரப் பொருட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெட்டியோடு வந்த நெகிழிப் பழங்களை யாரும் தொங்கவிடவில்லை, பிள்ளைகள் வண்ணத்தாளில் சங்கிலி ஒட்டினார்கள், உண்மையான மாதுளைகளை மாமனார் வரிச்சில் கட்டினார்.

வெயிலும் மழையும் இந்தப் பருவத்தில் மாறி மாறி வரக்கூடியவை. நண்பகலில் படுதாவுக்குள் புழுக்கம் இருந்தது. எங்கள் பந்தலில் சாளரங்கள் ஒரு பக்கம் மட்டுமே உள்ளன, அவையும் திறக்க முடியாத கண்ணாடி போன்ற நெகிழித் தாள்கள். எதிரெதிரே வலைத்துணிச் சாளரம் வைத்த வகையும் சந்தையில் உண்டு. கொஞ்சம் விலை கூடினாலும் குழந்தைகளும் முதியவர்களும் பகலுணவுக்கு உட்காரும் வீட்டார் அதையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மழை வந்தால் பாய் தடுக்காது, தடுக்க வேண்டியதும் இல்லை. கஞ்சி கெட்டுப்போகும் அளவுக்கு மழை பெய்தால் பந்தலைவிட்டு எழுந்து வரலாம் என்று யூதர்களின் பழைய நெறித்தொகுப்பான மிஷ்னாவே சொல்கிறது. மழைக்கான வேண்டுதலையும் ஏழு நாட்கள் கழிந்து எட்டாம் நாளான ஷெமினி அட்சேரெத்துக்குத்தான் வைத்திருக்கிறார்கள். படுக்கை, நாற்காலி நனையாமல் இருக்கப் பாய்க்குமேல் நெகிழித்தாள் விரிப்பவர்கள், சாப்பிட உட்காருமுன் அதை முழுவதும் விலக்கிவிட வேண்டும். அது மூடியிருக்கும் வரை பந்தல் கணக்கில் வராது.

விற்பனைக்குப் பிந்தைய சேவையை நான் குறைவாகவே மதிப்பிடுகிறேன். வரிச்சு போதாததைத் தெரிவிக்கத் தொலைபேசியில் அழைத்தபோது, பண்டிகை நெருக்கத்தில் நெடுநேரம் காத்திருந்த பிறகு, பண்டிகை முடிந்ததும் பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஆண்டில் ஒரே வாரம் பயன்படும் பொருளை விற்பவர், அந்த வாரத்துக்கு முந்தைய நாட்களில் கூடுதல் ஆள் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். பின்னர் வரிச்சுகளை அனுப்பிவைத்தார்கள், அதற்குக் கட்டணம் கேட்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

யார் வாங்கலாம்? முற்றமோ மொட்டைமாடியோ உள்ள, ஆனால் பலகை தூக்க ஆள்பலம் இல்லாத குடும்பங்களுக்கு இது தயக்கமில்லாமல் பரிந்துரைக்கத் தக்கது. இஸ்ரேலில் பல அடுக்குமாடிகளில், ஒன்றன் நேர்மேலே இன்னொன்று வராதபடி படிப்படியாகத் தள்ளிக் கட்டிய பால்கனிகள் பந்தலுக்கென்றே இருக்கின்றன. அங்கே மூன்று பக்கமும் சுவர் ஏற்கெனவே நிற்பதால் முழுச் சட்டமும் படுதாவும் வீண்செலவு, பாயும் வரிச்சும் மட்டும் போதும். காற்று ஓயாமல் அடிக்கும் குன்றுச்சியில் வீடு உள்ளவர்களும், பந்தலிலேயே ஏழு இரவும் உறங்கும் வழக்கம் உள்ளவர்களும் பலகைச் சுவரை விட்டுவிட வேண்டாம். என் மைத்துனர் தம் மகன்களோடு உள்ளே படுத்தார். குளிர் படுதாவுக்கு அடியில் நுழைந்ததால் விடியும்முன் கூடுதல் போர்வை தேட வேண்டியிருந்தது.

பண்டிகை முடிந்து பிரித்தபோது, நிறுத்தியதைவிட விரைவாகவே வேலை முடிந்தது. படுதாவை அலசி முற்றிலும் காயவைத்த பிறகே மடிக்க வேண்டும். கொடுத்திருக்கும் பை சற்றுச் சிறியது, ஈரத் துணியை அதில் திணித்தால் பூஞ்சணம் பிடிப்பது உறுதி. பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தோம், தரையில் கிடத்தினால் நடுக் குச்சிகள் முறியும். 2026இல் சுக்கோத் செப்டம்பர் 25 வெள்ளிக்கிழமை மாலையே தொடங்குவதால், வெயிலும் மிகுதியாக இருக்கும், முதல் இரவே ஓய்வுநாள் இரவாகவும் அமையும். வாங்க எண்ணுபவர்கள் செப்டம்பர் 11 மாலை தொடங்கும் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு முன்பே பெட்டியைப் பிரித்து, நாடா, வரிச்சு, நெகிழ்நாடா மூன்றையும் எண்ணிப் பார்த்துவிடட்டும். குறைந்தால் கேட்டு வாங்க அப்போதுதான் நேரம் இருக்கும்.